இறந்தவருக்கு இடைவேளை டீ

1

எங்கள் ஊர்க் கால்பந்துக் கிளப் ஏன் இப்படித் தோற்றுத் தொலைக்கிறது என்பதற்கு இங்கே ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். முடிவெட்டுகிறவரிடம் ஒரு பதில், பஸ் டிரைவரிடம் ஒரு பதில். பல் டாக்டர் என் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, நான் மறுத்துப் பேச முடியாத நேரமாகப் பார்த்து ஒரு பதில் சொல்வார். என்னிடமும் ஒன்று இருக்கிறது. சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. முழுதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள், அவ்வளவுதான்.

"எங்கள் ஊர்" என்று எழுதிவிட்டேன் பாருங்கள். குடவாசல் பக்கம் பிறந்தவள், இங்கிலாந்தின் வடக்கே மழையும் செங்கல்லுமாகக் கிடக்கிற ஓர் ஊரை எங்கள் ஊர் என்கிறேன். வந்து அத்தனை காலமாகிவிட்டது, கை தானாக அப்படி எழுதுகிறது. என் பெயர் ராணி. அந்தக் கிளப்பின் மைதானத்துச் சமையலறையில் வேலை. என் ஒரே மகள் கயல்விழியும் அதே கிளப்பில் வேலை பார்த்தாள், மாடியில், கம்ப்யூட்டர் முன்னால். அவள் அப்பா வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு நன்றாக இருக்கிறார். அவரைப் பற்றி இவ்வளவு போதும்.

கிளப் முதல் பிரிவிலிருந்து கீழே இறங்கி இன்றோடு ஒரு வருடம். காலையில் டிவியைப் போட்டால் அதே பேச்சு. கோட் போட்ட நாலு பேர் உட்கார்ந்து, எங்கே தவறு நடந்தது, எங்கே தவறு நடந்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கே நடந்தது என்று எனக்குத் தெரியும். தரைத்தளத்தில், ஆட்டக்காரர்களின் அறையைத் தாண்டிப் போனால் இடது பக்கம் கடைசிக் கதவு.

2

ஒரு காலத்தில் இந்தக் கிளப் ஜெயிக்காத கோப்பை கிடையாது. எல்லாம் ஒரே மேனேஜர் இருந்த காலம். இங்கே கால்பந்து மேனேஜர் என்றால் கணக்குப் பார்க்கிறவர் இல்லை. யார் ஆடுவது, எப்படி ஆடுவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கிறவர். கிழவர் என்றே அவரைக் குறிப்பிடுகிறேன். மரியாதைக் குறைவு இல்லை, சமையலறையில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.

நான் வேலைக்குச் சேர்ந்தது அவருடைய கடைசிக் காலத்தில். ஆட்டத்தின் இடைவேளையில் அவருக்கு ஒரு டீ போக வேண்டும். தடித்த வெள்ளைக் கோப்பை, சாஸர், ஒரு ஸ்பூன். அதைக் கொண்டுபோகிற வேலை எப்படியோ என் தலையில் விழுந்தது. ஜன்னலோரம் நின்று பாதி குடிப்பார். பிறகு ஸ்பூனால் கோப்பையின் விளிம்பை மெல்லத் தட்டுவார். டிங். டிங். அந்தச் சத்தம் கேட்டால் வெளியே நடைவழியில் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மீதியையும் குடித்து முடித்து ஆட்டக்காரர்களிடம் போவார். உள்ளே என்ன சொல்வாரோ தெரியாது, தோற்றுக்கொண்டிருந்தவர்கள் வெளியே வந்து ஜெயிப்பார்கள். இது நான் கண்ணால் பார்த்தது.

அவர் ஓய்வு பெற்றார். கொஞ்ச நாளில் இறந்தும் போனார். அவருடைய அறையை அப்படியே விட்டுவைத்தார்கள். கொக்கியில் அவர் கறுப்பு மேல்கோட்டு, மேசை, சாய்மான நாற்காலி, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அடுத்த ஆட்டத்தன்று இடைவேளைக்கு முன்னால், எங்கள் சமையலறை மேற்பார்வையாளர் டோரின் அதே கோப்பையில் டீயை ஊற்றித் தட்டில் வைத்தாள்.

"இது யாருக்கு?" என்று கேட்டேன்.

"அவருக்குத்தான்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

எனக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. செத்தவர்களுக்கு வைப்பது நம் ஊரில் எந்த வீட்டில் இல்லை? உயிர் போன இடத்தில் விளக்கேற்றி, ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, கருமாதி வரைக்கும் பார்த்துக்கொள்வோம். நானும் அப்படியே செய்தேன். இரண்டு கையாலும் தட்டை ஏந்திக்கொண்டு போனேன். மேசையில் வைத்தேன். மனசுக்குள், "ஐயா, எடுத்துக்குங்க" என்று சொன்னேன். டோரினுக்கு அது ஒரு மரியாதை, அவ்வளவுதான். நான் அதைப் படையலாக்கிவிட்டேன். வேறு யாராவது கொண்டுபோயிருந்தால் அது வெறும் ஆறிப்போன டீயாக முடிந்திருக்கும்.

இரண்டாம் பாதி ஆட்டம் தொடங்கிய பிறகு தட்டை எடுக்கப் போனேன். கோப்பை காலி. தொட்டுப் பார்த்தால் இன்னும் சூடு இருந்தது.

3

பதினாறு நாள் கழிந்ததும் டோரினிடம், "போதும், இனிமேல் வைக்க வேண்டாம்" என்றேன். ஏன் என்று கேட்டாள். விளக்குகிற அளவுக்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை. "தொடர்ந்து சாப்பாடு போட்டால் அவர் இந்த இடத்தை விட்டுப் போக மாட்டார்" என்று சொன்னேன். தெருப்பூனையைப் பற்றிச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. சமையலறையே சிரித்தது.

நான் விடவில்லை. மேலே அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்த பெண் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்து, இது நிரந்தர ஏற்பாடு, யார் கேட்டு ஏற்பாடு செய்தார்களோ அவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் நிறுத்த முடியும் என்றாள். கேட்டவர் யார்? கிழவர். "அவர்தான் இறந்துவிட்டாரே" என்றேன். அவள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "ஆமாம், அதுதான் சிக்கல்" என்றாள். வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டா மாற்றத் திரிந்தவர்களுக்கு இந்தப் பதில் புதிதாக இருக்காது. எனக்கே ஒரு நிமிடம் குடவாசலில் நிற்கிற மாதிரி இருந்தது.

ஆகவே டீ போய்க்கொண்டே இருந்தது. மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள். கிளப் தோற்றது. கோப்பை காலியாகத் திரும்பியது.

கயலிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவள் வேலை, ஆட்டங்களின் வீடியோவை வெட்டி ஒட்டி, எங்கே ஓட்டை என்று மேனேஜருக்குக் காட்டுவது. படித்தவள், பொறுமையாகத்தான் கேட்டாள்.

"மா, இது பேய்ப் பிரச்சனை இல்ல. ஒவ்வொரு மேனேஜரும் அவருக்குப் பிடிச்ச ஆட்டக்காரங்கள வாங்குறாரு. ஒரு வருஷத்துல அவர அனுப்பிடுறாங்க. ஆட்டக்காரங்க மட்டும் மிச்சம். அடுத்து வர்றவரு வேற மாதிரி ஆடச் சொல்றாரு. அவங்களுக்கு அது வராது."

எனக்குப் புரிந்தது. நாலு சமையல்காரர்கள் நாலு விருந்துக்கு வாங்கிப்போட்ட மளிகையை வைத்துக்கொண்டு ஐந்தாவது ஆள் விழிக்கிறான்.

"முதலாளிங்க எங்கயோ இருக்காங்க, ஆட்டமே பாக்கிறதில்ல. எல்லாருக்கும் அவசரம் வேற. உடனே பழையபடி ஆகணும்."

"பழையபடின்னா எப்படி?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "அவரு இருந்தப்ப மாதிரி" என்றாள்.

இந்த வார்த்தையை நான் இதற்கு முன்பு வேறோர் இடத்தில், வேறொருவர் வாயில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

4

என் அப்பா இறந்தது அடைப்பு நட்சத்திரத்தில். சில நட்சத்திரங்களில் உயிர் பிரிந்தால் போனவர் வீட்டையே சுற்றிச் சுற்றி வருவார் என்று எங்கள் பக்கம் ஒரு பயம். உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்டி வைப்பார்கள். பிணத்தை வாசல் வழியாக எடுக்க மாட்டார்கள். சுவரை இடித்து, அந்த ஓட்டை வழியாக எடுப்பார்கள். வாசலைக் காட்டாமல் கொண்டுபோனால் திரும்பி வர வழி தெரியாதாம். இந்தக் காலத்திலுமா என்று என் வயதுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பெரியப்பா ஒருவர் பிடிவாதம் பிடித்தார், நடந்துவிட்டது.

நான் விமானம் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அப்பா ஐஸ் பெட்டியில் இருந்தார். கொத்தனார் கடப்பாரையோடு கொல்லைப் பக்கம் தயாராக நின்றார். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அதனால் நான் நின்று பார்த்தது சுவர் மூடுவதைத்தான். பாடை தெருமுனை திரும்புவதற்குள் கொத்தனார் செங்கல்லை அடுக்கி, சாந்து பூசி, கரண்டியால் ஒரு தேய்ப்புத் தேய்த்து முடித்துவிட்டார். அப்பாவை எடுத்த ஓட்டை இருந்த இடம் வெறும் ஈரச் சுவராகிவிட்டது.

அப்பா திரும்பி வரவில்லை. அண்ணன்தான் அவரைப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

எங்கள் ஊரில் அப்பா விதை விட்டால்தான் மற்றவர்கள் விதை விடுவார்கள். நாற்றங்காலுக்கு அவர் ஒரு நாள் வைத்திருந்தார், அது தப்பியதே இல்லை. மேட்டூர்த் தண்ணீர் ஒழுங்காக வந்த காலம் அது. ஆறு மாதம் கழித்து அறையைத் திறந்ததும் அண்ணன் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா விடுகிற நாளிலேயே விதை விட்டார். தண்ணீர் வரவில்லை, நாற்று கருகியது. மறுவருடமும் அதே நாள். பக்கத்து வயல்காரர்கள் போர் போட்டு, நாளை மாற்றி, குறுவையை விட்டுச் சம்பாவுக்குப் போய் எப்படியோ பிழைத்துக்கொண்டார்கள்.

"அண்ணே, தண்ணி வர்ற நாளைப் பாத்து விடுங்களேன்" என்று போனில் கெஞ்சினேன்.

"அப்பா அன்னிக்குத்தாம்மா விடுவாரு" என்றார்.

"அப்பா இருந்தப்ப தண்ணி வந்துச்சு."

"அப்பா இருந்தப்ப மாதிரி பண்ணினா தண்ணியும் வந்துரும்" என்றார்.

நாலு மணிக்கு அப்பாவுக்கு ஒரு காபி வைக்கச் சொல்லி அண்ணியிடம் உத்தரவு. அண்ணி வைத்தார். யார் குடித்தார்கள் என்று அண்ணியும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் வழக்கம்போலப் போன் செய்தேன். மறுமுனையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "யாரும்மா, ராணியா?" என்ற குரல் வந்தது. என் கையிலிருந்து போன் நழுவிவிட்டது. அது அப்பாவின் கனைப்பு, அப்பாவின் கேள்வி. அண்ணன் என்னை ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. "ஏ புள்ள" என்றுதான் ஆரம்பிப்பார்.

போன முறை ஊருக்குப் போனபோது பார்த்தேன். வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து மூடிய சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரிகிறது. அண்ணியிடம் கேட்டால், "மேலுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்காரு. அவராத்தான் இல்ல" என்றார்.

கயலிடம் இதைச் சொல்லும்போது அவள், "தாத்தா செத்துப்போச்சுல்ல, அப்பவா?" என்று குறுக்கே கேட்டாள்.

"தாத்தா என்ன ஆட்டுக்குட்டியாடி? இறந்துட்டாங்கன்னு சொல்லு" என்று கத்தினேன். வளர்ந்த ஊர் அப்படி, அவளைச் சொல்லி என்ன பயன்? ஆனாலும் எரிச்சலாகத்தான் இருந்தது.

5

பிறகு யானோஷ் வந்தார். ஹங்கேரிக்காரர், மேனேஜர் வேலைக்குச் சின்ன வயது. சைக்கிளில் வருவார். முதல் நாளே சமையலறைக்கு வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். "எனக்கு டீ ஆகாது, காபிதான்" என்றார். அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

முதல் சில வாரம் கோப்பை நிரம்பியபடியே திரும்பி வந்தது. மேலே ஆடை கட்டிய, தொடாத டீ. கிளப் ஜெயித்தது. கயல் வீட்டுக்கு வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். "பழைய ஆட்டம் இல்லம்மா, இது புதுசு" என்றாள். ஊரே சந்தோஷப்பட்டது. பல் டாக்டர்கூட ஒரு பல்லைப் பிடுங்காமல் விட்டார்.

அப்புறம் ஒரு தோல்வி. ஒன்றே ஒன்று. மறுநாள் பத்திரிகையெல்லாம் கிழவரின் படம். அவர் இருந்திருந்தால் என்று ஆரம்பித்து ஆளாளுக்கு எழுதினார்கள். அடுத்த சனிக்கிழமை கோப்பை காலியாகத் திரும்பியது.

அதற்கும் அடுத்த ஆட்டத்தில் சர்க்கரைக் கிண்ணத்தை வைக்க மறந்து மறுபடி போனேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே யானோஷ், கிழவரின் நாற்காலியில். கிழவரின் மேல்கோட்டைத் தோளில் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடியபடி டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். மேலே ஆயிரக்கணக்கான கால்கள் மிதிக்கிற சத்தம் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஸ்பூனை எடுத்து விளிம்பில் தட்டினார். டிங். டிங். அதே இடைவெளி, அதே மெதுவு.

என்னைப் பார்த்துவிட்டார். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"கொஞ்ச நேரம்தான்" என்றார். "இங்கே உட்கார்ந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. எனக்கு முன்னால் வந்தவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். கைப்பிடியைப் பாருங்கள்." அந்த நாற்காலியின் கைப்பிடி, ஒரே ஆள் தினமும் பிடித்த மாதிரி மழமழவென்று தேய்ந்திருந்தது.

பிறகு போகும்போது, "ரானி, நல்ல டீ" என்றார். கிழவர் சொல்வது போலவே, அந்த "ரா"வை இழுத்து.

பாருங்கள், விஷயம் இவ்வளவுதான். டீயைப் பேய் குடிக்கவில்லை. உயிருள்ள மனிதர்கள்தான், ஒருவர் பின் ஒருவராக வந்து குடித்திருக்கிறார்கள். இது தெரிந்தால் எனக்குப் பயம் போயிருக்க வேண்டும் இல்லையா? அன்றிலிருந்துதான் எனக்கு நிஜமான பயம் பிடித்தது.

கயலிடம் கேட்டேன், "இப்பல்லாம் யானோஷ் உள்ள போய் என்ன சொல்றாரு?"

"கிழவரோட பழைய வசனம்மா. அப்படியே. பசங்களுக்கு ஒண்ணும் புரியல. பாதிப் பேர் வேற வேற நாடு, கிழவர் ஆடச் சொன்ன ஆட்டத்தைப் பாத்ததே இல்ல. தண்ணி குடிச்சிட்டுத் திரும்பிப் போறாங்க."

தண்ணீர் வராத நாளில் விதை விட்டாயிற்று. வேறென்ன?

6

யானோஷை அனுப்பிவிட்டார்கள். அவருடைய சைக்கிள் கொஞ்ச நாள் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. கிளப் அப்போது பட்டியலின் அடியில் இருந்தது. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் முதல் பிரிவில் தங்கலாம், இல்லாவிட்டால் கீழே. கீழே போனால் மாடி ஆட்கள் எல்லோருக்கும் வேலை போய்விடும். கயல் ஏற்கெனவே சொல்லிவிட்டாள், இந்த வேலை போனால் இந்த நாட்டிலேயே இருக்கப் போவதில்லை என்று. இந்த வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான். ஆகவே நான் வேண்டாத சாமி இல்லை. கோல் என்றால் என்ன என்றே ஒழுங்காகத் தெரியாதவள், கிளப் ஜெயிக்க வேண்டும் என்று குடவாசல் கோணேசுவரருக்கு வேண்டிக்கொண்டேன்.

தற்காலிக மேனேஜராக ஒருவரை உட்கார வைத்தார்கள். அவர் கயலிடம் ஒரு வேலை கொடுத்தார். கிழவர் இடைவேளைகளில் பேசிய பேச்செல்லாம் ஒலிப்பதிவாக இருக்கிறதாம். அதையெல்லாம் கேட்டு, கடைசி ஆட்டத்து இடைவேளையில் அவர் பேச ஒரு பேச்சைத் தயார் செய்ய வேண்டும். கயல் எப்போதும் காதில் ஹெட்போனோடு அலைந்தாள். சாப்பிடும்போது, பஸ்ஸில், துணி மடிக்கும்போது, எப்போதும் கிழவரின் குரல். கூப்பிட்டால் திரும்ப நேரமாகும். திரும்பும்போது கண் முதலில் வரும், ஆள் அப்புறம்தான் வருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீ போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்பங்கரைக்குத் திரும்பினேன். பின்னால் டிங், டிங் என்று கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். கயல் ஜன்னலைப் பார்த்தபடி ஸ்பூனைக் கையில் வைத்திருந்தாள்.

"என்னடி பண்ற?"

"என்ன பண்ணினேன்?" என்றாள். அவளுக்கே தெரியவில்லை.

"அந்த வேலைய வேற யார்கிட்டயாவது குடுக்கச் சொல்லுடி. உன் கால்ல வேணும்னாலும் விழுறேன்."

"மா, உளறாத. இந்த ஒரு ஆட்டம் ஜெயிச்சா நான் இங்கயே உன்கூடத்தான் இருப்பேன். அதுதான உனக்கு வேணும்?"

அதுதான் வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

7

கடைசி ஆட்டத்தன்று நல்ல வெயில். இந்த ஊருக்கு அதிசயம். முதல் பாதி முடிவதற்குச் சற்று முன்னால் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். எங்கள் கிளப் பின்தங்கியிருந்தது. மேலே கூட்டம் சத்தமே போடவில்லை. அத்தனை ஆயிரம் பேர் தலைக்கு மேல் இருந்துகொண்டு சத்தம் போடாமல் இருந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? கூரை தாழ்ந்து வருகிற மாதிரி இருக்கும்.

கடைசிக் கதவுக்கு முன்னால் நின்றேன். கதவு மூடியிருந்தது. டீ என் கையில் இருக்கிறது. உள்ளே ஸ்பூன் சத்தம் கேட்கிறது.

கதவைத் திறந்தேன். கயல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தோளில் கறுப்புக் கோட்டு. போன ஆட்டத்து ஸ்பூனோ என்னவோ, மேசை விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தாள். மடியில் எழுதின தாள் கிடந்தது, அதைப் பார்க்கவில்லை.

"வாம்மா, உள்ள வா" என்றாள். "இங்க உக்காந்தா பயமே இல்லம்மா. நான் எழுதினதெல்லாம் தேவையில்ல. என்ன சொல்லணும்னு தானா வருது. அதக் குடு."

கையை நீட்டினாள். அவள் டீ குடிக்கிறவள்தான். ஆனால் கையை நீட்டின விதம் அவளுடையது இல்லை. உள்ளங்கையை மேலாக விரித்து, என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்தபடி. கிழவர் இருந்தபோது நான் எந்தக் கைக்குக் கோப்பையைக் கொடுத்தேனோ அந்தக் கை.

தட்டு என் கையிலிருந்து விழுந்ததா, நான் வீசினேனா, இன்றைக்கும் சொல்லத் தெரியாது. கோப்பை சுவரில் அடித்து நொறுங்கியது. கோட்டைப் பிடுங்கினேன். அவள் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினேன். அவள் கதவுப் பக்கம் நடந்தாள்.

"அந்தப் பக்கம் போகாத!" என்று கத்தினேன்.

இங்கே உட்கார்ந்த எல்லோரும் அந்தக் கதவு வழியாகத்தான் வெளியே போனார்கள். போகும்போது தனியாகப் போகவில்லை. யானோஷ் அப்படித்தான் போனார், அவருக்கு முன்னால் வந்தவர்களும் அப்படித்தான். என் புத்தியில் அப்போது இருந்தது அது மட்டும்தான். ஜன்னலைத் தூக்கினேன். தரைத்தளம்தான், வெளியே கார் நிறுத்துகிற இடம்.

"ஏறு."

"மா, இடைவேளை ஆகப் போகுது, என்னைத் தேடுவாங்க..."

"ஏறுடி! தாய் சொல்றேன், ஏறு!"

என்னை அப்படி அவள் பார்த்ததே இல்லை. ஒரு காலைத் தூக்கி வைத்தாள், இன்னொரு காலை வைத்தாள், வெளியே குதித்தாள். குதித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். அது என் கயல் அழுவதுதான், சின்ன வயதிலிருந்து விக்கி விக்கித்தான் அழுவாள். எனக்கு உயிர் வந்தது.

ஜன்னலை இறக்கிக் கொக்கியைப் போட்டேன். நன்றாக விழுந்ததா என்று உள்ளங்கையால் ஒரு தேய்ப்புத் தேய்த்து அழுத்தினேன்.

அப்படி அழுத்தின கையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. கொத்தனார் சாந்தை அப்படித்தான் தேய்த்தார். சுவர் வழியாக அனுப்ப வேண்டியது இறந்தவரை. நான் அனுப்பியது யாரை? அவரை உள்ளே வைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கிற என் பெண்ணை வெளியே அனுப்பி, வழியையும் மூடிவிட்டேன்.

8

கயல் உள்ளே திரும்பவில்லை. இடைவேளையில் தற்காலிக மேனேஜர் கையில் தாள் இல்லாமல் நின்று ஏதோ பேசினாராம். கிளப் தோற்றது, கீழே இறங்கியது. பேச்சு தயாராக இருந்திருந்தாலும் தோற்றிருக்கும் என்று கயல் சொல்கிறாள். எனக்காகச் சொல்கிறாளோ என்னவோ.

உடைந்த கோப்பைக்கு என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாடி ஆட்கள் எல்லோரையும் அனுப்பினார்கள். அந்த அறையில் இப்போது மடக்கு நாற்காலிகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த நிரந்தர ஏற்பாட்டைக் கேட்க மாடியில் ஆள் இல்லை, அங்கே டீ போவதில்லை. புது ஆட்கள், புது மேனேஜர், கீழ்ப் பிரிவில் சின்னச் சின்னக் கிளப்புகளோடு தட்டுத்தடுமாறி ஆடுகிறார்கள். போன வாரம் ஜெயித்தார்கள். மறுநாள் பத்திரிகையில் கிழவரின் படம் இல்லை. எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

கயலுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பெண்கள் அணியில் வேலை கிடைத்தது. விமான நிலையத்தில் நான் அழுதுகொண்டே, "சீக்கிரம் திரும்பி வந்துருடி" என்றேன். அவளுக்கு அடைப்புக் கதை தெரியும், நான்தானே சொன்னேன்.

"ஜன்னல் வழியா அனுப்பிட்டு வாசல்ல போய்க் காத்திருக்கியேம்மா" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் போனாள்.

அன்றிலிருந்து அவள் வரவில்லை. விடுமுறை இல்லை என்கிறாள், விசா புதுப்பிக்க வேண்டும், பாஸ்போர்ட் விசா அலுவலகத்தில் இருக்கிறது, அடுத்த மாதம் என்கிறாள். எல்லாம் நிஜமான காரணம்தான். அந்த அலுவலகங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா?

இன்று சாயங்காலம் வீடியோவில் வந்தாள். நன்றாகக் கறுத்திருக்கிறாள், முகத்தில் வெயில். புது அணியைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினாள். யாருடைய பழைய வசனமும் இல்லை, எல்லாம் அவளுடைய பேச்சு. கேட்கக் கேட்க எனக்கு மனசு நிறைந்தது. நடுவில் நிறுத்தினாள்.

"மா, மேசைல ரெண்டு கப் இருக்கு. யாரு வந்திருக்கா?"

பார்த்தேன். என் கோப்பை ஒன்று. எதிரே அவளுடைய மஞ்சள் கோப்பை, சாஸரோடு, ஸ்பூனோடு, அவள் நாற்காலிக்கு நேராக.

"யாரும் இல்லடி" என்றேன். "கைப் பழக்கம்."

எத்தனை நாளாக வைக்கிறேன் என்று கேட்பாளோ என்று பயந்தேன். கேட்கவில்லை.

"மா. அத எடுத்துக் கொட்டு. நான் உயிரோட இருக்கேன். எனக்கு டீ வேணும்னா நானே வந்து கேப்பேன், வாசல் வழியா."

"சரிடி" என்றேன். "கொட்டிடுறேன்."

போனை வைத்துவிட்டு எழுந்து போய் மஞ்சள் கோப்பையை எடுத்தேன். அது காலியாக இருந்தது. அடியில் இன்னும் சூடு இருந்தது. நான்தான் குடித்திருக்க வேண்டும்.